ஒரே மேசையில் இரண்டு கேஜ்: மூன்றாவது தண்டவாளமா, தனிப் பாதையா?

என் மாதிரி ரயில் லேஅவுட்டில் இரண்டு ஆண்டுகள் ஓட்டிய மூன்று தண்டவாளப் பாதையை (இரண்டு கேஜ் ரயில்களும் ஒரு தண்டவாளத்தைப் பகிரும் பாதை) அண்மையில் பெயர்த்தெடுத்துவிட்டு, இரண்டு கேஜுக்கும், அதாவது இரண்டு தண்டவாள அகலங்களுக்கும், தனித்தனிப் பாதை போட்டேன். இரண்டிலும் ரயில் ஓட்டிய பிறகே எழுதுகிறேன் என்றாலும், என் சாய்வு தனிப் பாதையின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அளவுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹெச்ஓ என்ற மாதிரி ரயில் வகை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, 16.5 மி.மீ. பாதையில் ஓடுகிறது. அதே 1:87 அளவில் நேரோ கேஜ் (குறுகிய பாதை) வேண்டுவோர் 9 மி.மீ. பாதையைப் பயன்படுத்துகிறார்கள், 9-ஐ 87-ஆல் பெருக்கினால் வரும் 783 மி.மீ., நிஜ உலகின் 760, 762 மி.மீ. பாதைகளுக்குப் போதுமான அளவு நெருக்கமானது. மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. பொருந்தும். மூன்றும் ஒரே அளவுகோல் என்பதால் வீடுகளும் மரங்களும் மனித உருவங்களும் பொதுவாகிவிடுகின்றன.

பின்னணி மலைமீது இன்னும் சிறிய 1:160 ரயிலை ஓட்டி, அது தொலைவில் செல்வதுபோல் காட்டும் வழியும் உண்டு. நேர் எதிரே நின்றால் அழகாகத்தான் இருக்கிறது; ஓரடி நகர்ந்தால் மாயம் கலைந்துவிடுகிறது. சில வாரங்களே முயன்றதால் இதற்குமேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மூன்று தண்டவாளத்தின் கவர்ச்சியை மறுக்க முடியாது. இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, 1892-இல் தன் அகன்ற பாதையைக் கைவிடும்வரை பல இடங்களில் இப்படித்தான் ஓட்டியது. ஒரு தண்டவாளம் இரு ரயில்களுக்கும் பொது, இடம் மிச்சம். ஆனால் பொதுத் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம் நடைமேடை இருந்தால், சின்ன ரயில் அதிலிருந்து 7.5 மி.மீ. விலகி நிற்கும். நிஜ அளவில் அது ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் இடைவெளி. பொம்மைப் பயணிகூடத் தாண்டத் தயங்குவார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், பொறுக்க முடியாமல் போனது பராமரிப்பு. பாதை இரண்டாகப் பிரியும் சாதாரணப் பாயின்ட்டில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் கிராஸிங் ஒன்றுதான் இருக்கும். இரு கேஜும் சேர்ந்து பிரியும் பாயின்ட்டில் அது மூன்றாகிறது. எஞ்சின் தண்டவாளங்களிலிருந்தே மின்சாரம் எடுப்பதால், அவற்றில் இரண்டுக்கு, பாயின்ட் திரும்பும்போதெல்லாம் மின்முனை மாற வேண்டும். கிராஸிங்கை மின்சாரம் இல்லாமல் விட்டுவிடலாமே என்றால், 9 மி.மீ. எஞ்சின் எடையும் குறைவு, சக்கர இடைவெளியும் குறைவு. கிராஸிங்கின் மேல் போய் அப்படியே நின்றுவிடும். ஆகவே பாயின்ட் ஒன்றுக்கு இரண்டு சுவிட்ச், அவற்றுக்கான கம்பி, சாலிடர், பிறகு மேசைக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு எது விட்டுப்போனது என்று தேடும் ஞாயிற்றுக்கிழமைகள்.

அதைவிடத் தொல்லை தந்தது நடுத் தண்டவாளம். பெரிய ரயில்கள் அடிக்கடி ஓடுவதால் வெளித் தண்டவாளங்கள் இரண்டும் ஓரளவு பளபளப்பாகவே இருக்கும். சின்ன ரயில் மட்டுமே தொடும் நடுத் தண்டவாளம் சில நாள் ஓட்டாமல் விட்டாலே மங்கிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் ஓரத்துத் தண்டவாளங்கள் சாம்பல் கோடுகளையும், நடுவிலுள்ளது மை போன்ற கருங்கோட்டையும் விடும். துடைப்புப் பட்டை பொருத்திய பெட்டியை இழுத்துப் பார்த்தேன். கையால் பதித்த நடுத் தண்டவாளம் ஒரு தாள் தடிமன் தாழ்ந்திருந்த இடங்களிலெல்லாம் பட்டை அதைத் தொடாமலே கடந்துபோனது.

தனிப் பாதையில் இந்தச் சிக்கல்கள் எழுவதில்லை. ஆஸ்திரியாவின் யென்பாக் நிலையத்தில் 760 மி.மீ., மீட்டர் கேஜ், 1435 மி.மீ. என மூன்று பாதைகளும் அருகருகே வந்து சேர்கின்றன. பயணிகள் நடந்து போய் ரயில் மாறுகிறார்கள். அதே முறையில் ஒரு பக்கம் 16.5, மறுபக்கம் 9 என்று இருக்க, நடுவே சரக்கு மாற்றும் மேடை ஒன்றை அமைத்தேன். இரு கேஜுக்கும் தனிக் கன்ட்ரோலர் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது ஓடுகிறது. பாயின்ட்டுகள் கடையில் கிடைக்கும் சாதாரண வகை. பழுதானால் கழற்றி மாற்றிவிடலாம். பதிலாக நிலையத்தின் அகலம் 6 சென்டிமீட்டர் கூடியது, அதற்காக ஒரு கிளைப் பாதையை இழந்தேன். மேசை மிகக் குறுகலாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம். 12 மி.மீ. பாதையை இரவல் எஞ்சின் ஒன்றை வைத்து மட்டுமே சோதித்திருக்கிறேன். அது சற்றுக் கனமானது என்பதால் அழுக்குக்கு அவ்வளவு அஞ்சவில்லை.

மூன்று தண்டவாளத்தை முற்றிலும் விட்டுவிடவும் மனம் வரவில்லை. பாலத்தின் மேல் மட்டும் வைத்திருக்கிறேன். அங்கே சின்னப் பாதை, பொதுத் தண்டவாளம் இருக்கும் பக்கமாகவே பிரிகிறது. அப்படிப் பிரித்தால் கிராஸிங் ஒன்றோடு முடிந்துவிடும். மறுபக்கமாகப் பிரித்தால் இரண்டு வேண்டியிருக்கும்.