காரின் கூரையைத் துளைத்துவிட்டு மறைத்த கடை: ஹூட் ராக் பொருத்தப் போகிறவர்கள் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் இதைத் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள். கூரையில் சாமான் ஏற்றுவதற்கு ஹூட் ராக் பொருத்த நினைத்திருப்பவர்கள், கடைக்குப் போவதற்கு முன்பே வாசியுங்கள். கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே என்ன செய்தார்கள், அதை எப்படி மறைத்தார்கள் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். மறைத்த விதம் தெரிந்துவிட்டால் எந்தக் கடையில் செய்தாலும் நீங்களே பிடித்துவிடலாம்.

என்னுடைய கார் எம்.ஜி.பி. ஜி.டி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1965 முதல் 1980 வரை செய்யப்பட்ட இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். திறந்த எம்.ஜி.பி. 1962இல் வந்தது. அதன்மேல் பின்னோக்கிச் சரியும் தகட்டுக் கூரையும், மேல்நோக்கித் திறக்கும் பின்கதவும் வைத்துப் பிறகு வந்ததுதான் ஜி.டி. அப்பா இதை 1979இல் கொழும்பில், வெளிநாடு போகவிருந்த ஒருவரிடம் வாங்கி, ஏ9 வீதியால் தானே ஓட்டிக்கொண்டு வந்தார்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஊரில் ஓடிய கார்களெல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. அப்பா இந்தக் காருக்கு மண்ணெண்ணெய் ஊற்ற மறுத்துவிட்டார். கற்களின்மேல் ஏற்றி, கிடுகால் மூடிக் கொட்டிலில் வைத்தார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, இதன் இரண்டு எஸ்.யூ. காபரேற்றர்களையும் எண்ணெய்த் துணியில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக் கூரையில் பாதி ஓடு இல்லை. கொட்டிலும் இல்லை. கார் நின்றது. கண்ணாடிகள் நொறுங்கியிருந்தன, ஆனால் கூரைத் தகட்டில் ஓர் ஓட்டைகூட இல்லை. அப்பா அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கூரையில்தான் சென்ற ஆண்டு எட்டு ஓட்டைகள் விழுந்தன.

ஹூட் ராக் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூநகரிப் பக்கம் கௌதாரிமுனையில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்குவதாகத் திட்டம். ஜி.டி.யின் பின்னிருக்கை சிறு பிள்ளைகளுக்கே காணாது. இருக்கைக்கு அடியில் இரண்டு ஆறு வோல்ட் பற்றரிகள், பின்தளத்துக்கு அடியில் மேலதிகச் சக்கரம். நான்கு பேர் ஏறினால் கூடாரத்துக்கும் பாய்களுக்கும் இடமே இல்லை.

இந்தக் காரின் கூரைக்கு இரு பக்கமும் மழைநீர் வடியப் பீலி இருக்கிறது. வீட்டுப் பீலி போலத்தான், ஆனால் விரல் நுனி அளவு. அந்தக் காலத்து ஹூட் ராக் பெரும்பாலும் அந்தப் பீலியைப் பிடித்தே நின்றன. ராக்கின் கால் பீலிக்குள் அமரும், வெளியிலிருந்து ஒரு கொக்கி பீலியின் விளிம்பைக் கவ்வும், போல்ட் இரண்டையும் இறுக்கும். கூரைத் தகட்டில் எதுவுமே படாது. பீலி பல தகடுகள் சேர்த்து ஒட்டப்பட்ட இடம் என்பதால் பாரத்தைத் தாங்கும். கூரையின் நடுத்தகடு அப்படி இல்லை. அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான். பீலி உள்ளே துருப்பிடித்திருந்தால் கொக்கி அதைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்பதால், கடைக்குப் போகும் முன் திருப்புளி முனையால் இரு பக்கமும் குத்திப் பார்த்தேன். கல்லுப் போல இருந்தது.

கடை உரிமையாளரிடம் இவ்வளவையும் காட்டித்தான் சொன்னேன். படம் வரைந்தும் கொடுத்தேன். "அண்ணை, பயப்படாதீர்கள். கூரையில் நாங்கள் கையே வைக்க மாட்டோம். நான்கு கிளாம்பும் பீலியில்தான்" என்றார். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் செய்து தருவதாகவும் சொன்னார். விலை 65,000 ரூபா. முற்பணம் 40,000. பற்றுச்சீட்டுக் கேட்டேன். "நாங்கள் ஊர் ஆட்கள்தானே" என்றார். அந்த வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்து நான் பேசாமல் இருந்ததுதான் முதல் தவறு. இரண்டாவது தவறு, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தது. ஜூலை நடுப்பகுதியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை காரை விட்டேன், சனிக்கிழமை மாலை எடுத்தேன்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. பளபளவென்ற குழாய்கள், ஒவ்வொரு காலின் அடியிலும் தடித்த கறுப்பு இறப்பர், அதைச் சுற்றி நேர்த்தியாகப் பூசிய சிலிக்கன், காலிலிருந்து பீலிக்கு இறங்கிய வளைந்த தகடு. நான் ராக்கைப் பிடித்து உலுக்கினேன், அசையவில்லை. மீதிப் பணத்தையும் கொடுத்தேன். பின்கதவைத் திறந்தபோது அது ராக்கின் கடைசிக் குழாயில் இடித்து வர்ணம் பெயர்ந்தது. அதற்கு மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஓகஸ்ட் இரண்டாம் கிழமை புறப்பட்டோம். மேலே இருந்தது மொத்தம் நாற்பது கிலோவுக்குள்தான். நாவற்குழியில் திரும்பி, தனங்கிளப்பு, கேரதீவு தாண்டிச் சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறினோம். 2011இல் அந்தப் பாலம் திறந்த பிறகு எத்தனையோ முறை போயிருக்கிறேன். சோளகம் வீசும் மாதங்களில் அங்கே காற்று வாகனத்தைத் தள்ளும். அன்றும் முன்வலப் பக்கத்திலிருந்து அடித்தது. எங்கள் வேகம் மணிக்கு அறுபது கிலோமீற்றர் இருக்கும். திடீரென்று என் தலைக்கு மேலே கதிரையை இழுப்பது போன்ற ஒரு சத்தம். பிறகு டப்பென்று ஒன்று. பின்னாலிருந்து மகள், "அப்பா, மேலே ஏதோ எழும்புகிறது" என்றாள்.

பாலத்தைக் கடந்து ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். முன்பக்க வலது கால் கூரையைவிட்டு ஒரு விரல் உயரம் எழும்பி நின்றது. இறப்பர் பிரிந்து தொங்கியது. அதற்குக் கீழே காலின் தட்டைத் தகட்டில் இரண்டு திருகாணிகள். ஒன்று முழுவதுமாகப் பிடுங்கி வந்திருந்தது. மற்றது பாதி வெளியே சாய்ந்து நின்றது. பிடுங்கி வந்ததைக் கையில் எடுத்தேன். தகரத்துக்கு அடிக்கும் சாதாரணத் திருகாணி. அதன் புரிகளுக்கிடையில் என்னுடைய காரின் கரும்பச்சை வர்ணம் தூளாக ஒட்டியிருந்தது. கூரையில் ஓட்டையின் விளிம்பு மேல்நோக்கி மலர்ந்திருந்தது.

பீலியில் இறங்கிய அந்த வளைந்த தகட்டை விரலால் தள்ளினேன், ஆடியது. அது பீலியைத் தொட்டுக்கொண்டிருந்ததே தவிரப் பிடிக்கவில்லை. பின்னால் கொக்கியும் இல்லை, போல்ட்டும் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிளாம்ப் போலத் தெரிவதற்காகவே வைத்த தகடு. நான்கு காலிலும் அப்படித்தான். காலுக்கு இரண்டாக எட்டுத் திருகாணிகள் கூரைக்குள் இறங்கியிருந்தன. நுனிகளை உள்ளே ஹூட் லைனிங் துணி மறைத்துவிட்டது.

ஒரு மில்லிமீற்றர் தகட்டில் இறங்கிய திருகாணியை ஏறத்தாழ ஒரேயொரு புரிதான் பிடிக்கிறது. நிற்கும் காரில் கையால் உலுக்கினால் அது அசையாது. ஓடும்போது காற்று ராக்கை மேல்நோக்கித் தூக்குகிறது, வீதியின் அதிர்வு அந்த ஒரு புரியைத் தின்றுகொண்டே இருக்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். அன்று அந்த ராக் முழுவதும் பிய்ந்திருந்தால் எங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த கணவன் மனைவியின் மேல்தான் விழுந்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது. பணம் போனதைவிட, கூரை போனதைவிட இதுதான் என்னை எழுத வைக்கிறது.

பூநகரியிலிருந்து மைத்துனர் ஓட்டோ கொண்டுவந்து சாமான்களை ஏற்றினார். பிள்ளைகளின் முகத்துக்காக ஓர் இரவு மட்டும் தங்கினோம்.

திரும்பி வந்து கடைக்குப் போனேன். முதலில், பாரம் கூட ஏற்றிவிட்டீர்கள் என்றார்கள். பிறகு, பீலி துருப்பிடித்திருந்தது, அதனால்தான் கூரையில் பிடித்தோம் என்றார்கள். துருப்பிடித்திருந்தால் என்னைக் கேட்காமல் துளைக்கலாமா என்று கேட்டபோது உரிமையாளர் குரலை இறக்கி, "அடுத்த கிழமை கொண்டு வாருங்கள் அண்ணை, எல்லாம் சரியாக்கித் தருகிறேன்" என்றார். அந்த அடுத்த கிழமை வரவே இல்லை. ஒருமுறை வெல்டிங் செய்பவர் ஊரில் இல்லை, ஒருமுறை மின்சாரம் இல்லை, ஒருமுறை உரிமையாளர் வீட்டில் விசேஷம். இடையில் மகள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவந்து ராக்கில் வைத்தாள். பச்சென்று ஒட்டியது. 304 காந்தத்தில் ஒட்டாது. வளைத்த இடங்களில் இலேசாக இழுக்கலாம், அவ்வளவுதான். இது முழு நீளத்துக்கும் இரும்பு, மேலே வெள்ளி வர்ணம். கௌதாரிமுனையின் உப்புக் காற்றில் ஒரே இரவு நின்றதற்கு ஒட்டிய மூட்டுகளிலெல்லாம் மஞ்சள் வடிந்திருந்தது.

நான் ராக்கைக் கழற்றி, ஓட்டைகளைச் சிலிக்கனால் அடைத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை. நவம்பரில் மாரி தொடங்கியது. ஒரு காலையில் அவரை வைத்தியரிடம் கூட்டிப்போகும்போது அவருடைய வெள்ளை வேட்டியில் ஒரு துளி விழுந்தது. துரு நிறத் துளி. அவர் அதைப் பார்த்தார், மேலே பார்த்தார். கூரைத் துணியில் நான்கு இடத்தில் வட்டமாகக் கறை. "யார் துளைத்தது?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு எண்பத்து மூன்று வயது. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடலாமா என்று விசாரித்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். ஜூலையில் செய்த வேலை, நான் விசாரித்தது நவம்பரில். "அடுத்த கிழமை" என்ற சொல்லின் பயன் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்களுக்கு இப்படி நடந்தால் கடையின் சமாதானத்தைக் கேட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அன்றே அழையுங்கள். பற்றுச்சீட்டில் உலோகத்தின் தரத்தையும், "பீலியில் மட்டும், கூரையில் துளை இல்லை" என்பதையும் எழுதி வாங்கியிருங்கள். நான் கடைசியில் மத்தியஸ்த சபைக்குப் போனேன். முதல் தவணைக்கு அவர் வரவில்லை. இரண்டாவது தவணையில் வந்து 30,000 ரூபா திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார். அதைக் கொடுத்தார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

கூரையைத் திருத்தியவர் சுன்னாகத்தில் தகர வேலை செய்யும் ஒரு முதியவர். வெல்டிங் வைத்தால் சூட்டில் இந்த மெல்லிய தகடு நெளிந்துவிடும் என்று சொல்லி, உள்ளிருந்து சிறு பித்தளைத் துண்டுகள் வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். ஒவ்வோர் ஓட்டையையும் முதலில் சுரண்டி வெள்ளைத் தகடு தெரியும்வரை துருவை எடுத்தார். மூன்று நாள் வேலை. நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், அவர் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. வர்ணம், புதிய ஹூட் லைனிங் எல்லாம் சேர்த்து 115,000 ரூபா முடிந்தது.

உங்களுடைய காரில் ஏற்கெனவே ராக் இருந்தால் இன்றைக்கே காலடி இறப்பரை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். பீலியைப் பிடித்து நிற்கும் சரியான ராக்குக்குக் கூரைமேல் இறப்பரோ சிலிக்கனோ தேவையே இல்லை, ஏனென்றால் அது கூரையைத் தொடவே தொடாது. சிலிக்கன் பூசியிருந்தால் அங்கே அடைப்பதற்கு ஏதோ இருக்கிறது. பீலியின் வெளி விளிம்பில் கொக்கி இருக்கிறதா, அதை இறுக்கும் போல்ட்டைச் சாவி போட்டுத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். ஒரு காந்தத்தையும் எடுத்துப் போங்கள்.

சென்ற சனிக்கிழமை திருநெல்வேலிச் சந்தைக்கு வெளியே ஒரு மொரிஸ் மைனர் நின்றது. அதே வெள்ளிக் குழாய், அதே கறுப்பு இறப்பர், அதே சிலிக்கன். உரிமையாளர் மரக்கறிப் பையோடு வரும்வரை நின்றேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். அனுமதி கேட்டு, பின்கால் இறப்பரின் ஓரத்தைக் கிளப்பிக் காட்டினேன். திருகாணித் தலை பளிச்சென்று இருந்தது, இன்னும் துரு ஏறவில்லை. இந்த ஆனியில்தான் பொருத்தினாராம். மூன்று மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. திங்கட்கிழமை காலை அவரும் நானும் முறைப்பாட்டுக் கடிதத்தோடு போகிறோம். அங்கிருந்து நேரே சுன்னாகம்.