வழக்கா, காகிதம் கிழிக்கும் எந்திரமா?

2001இல் வந்த பேட்ரியாட் சட்டம் என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், யார் என்ன படிக்கிறார்கள் என்று அமெரிக்க நூலகங்களைத் துருவ எஃப்பிஐக்குக் கூடுதல் அதிகாரம் தந்தது. எதிர்த்த நூலகர்கள் இரண்டு வழிகளில் போனார்கள்.

கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் 2003இல் வாசகர்களுக்கு எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள்; தேவையில்லாத பதிவுகளைத் தினமும் கிழித்துப் போட்டார்கள். இல்லாததை யாரும் கேட்டு வாங்க முடியாது, அவ்வளவுதான். சட்டமீறலும் இல்லை. ஆனால் சட்டம் அப்படியே இருந்தது.

கனெக்டிகட்டின் நான்கு நூலகர்கள் வேறு மாதிரி. 2005இல் கணினிப் பயன்பாட்டு விவரம் கேட்டு எஃப்பிஐ கடிதம் வந்தது. அதைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்ற தடையும் கூடவே வந்தது. ஏசிஎல்யூ என்ற குடியுரிமை அமைப்பின் துணையோடு, பெயரை மறைத்து வழக்குப் போட்டார்கள். தங்கள் வழக்கின் விசாரணையையே வேறு ஊரில் உட்கார்ந்து திரையில்தான் பார்க்க முடிந்தது! தடை விலகியது 2006இல், அதுவும் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைப் புதுப்பித்த பிறகு. பேச வேண்டிய நேரத்தில் வாயைக் கட்டிவிட்டார்கள். இருந்தாலும் எஃப்பிஐ கடைசியில் கோரிக்கையைக் கைவிட்டது.

எந்தச் சின்ன நூலகமும் நாளைக்கே செய்யக்கூடியது முதல் வழிதான். ஆனால் நூலகத்துக்கும் இப்படிக் கடிதம் வருகிறது என்று ஊரறியச் சொல்ல ஆள் கிடைத்தது இரண்டாவதில். என் ஓட்டு கனெக்டிகட்டுக்கு.