இரண்டு செட் பிரேக் டிஸ்க், ஒரே கார்: 38,000 கிலோமீட்டருக்குப் பிறகு

மலை இறக்கத்தில் நாலாவது வளைவு. பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. "என்னங்க, பஞ்சரா?" என்று மனைவி கேட்டார். பஞ்சர் இல்லை. முன்பக்கச் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கும், அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் மாற்றி 9,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கியரில் போட்டு, வண்டியை உருட்டிக்கொண்டே கீழே இறங்கிச் சேர்ந்தேன். அன்றைக்குப் பட்ட பயம்தான் இதை இவ்வளவு விரிவாக எழுத வைக்கிறது.

அந்த முதல் செட்டை வாங்கக் காரணம் இரண்டு. விலை குறைவு, பார்க்க அழகு. தங்க நிறப் பூச்சு, முழுக்கத் துளை போட்ட டிஸ்க். கழற்றிப் பார்த்தபோது துளைகளின் ஓரத்திலிருந்து தலைமுடி அளவுக்கு மெல்லிய விரிசல்கள் கிளம்பியிருந்தன. நகத்தால் தடவினாலே தட்டுப்பட்டன. டிஸ்க் சூடாகி ஆறி, மறுபடி சூடாகும்போது இரும்பில் ஏற்படும் இழுவிசை துளையின் விளிம்பில்தான் போய்க் குவியும். அன்றாடம் ஓட்டும் குடும்பக் காருக்குத் துளை போட்ட டிஸ்க் தேவையே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. கோடு வெட்டிய டிஸ்க்கில் இந்த விரிசல் தொல்லை குறைவு. ஆனால் அது பேடைச் சீக்கிரம் தின்றுவிடும்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். காரோடு வந்த பழைய கம்பெனி டிஸ்க் ஷெட்டில் கிடந்தது. அதையும் இந்தத் துளை டிஸ்க்கையும் தராசில் வைத்தேன். தேய்ந்துபோன கம்பெனி டிஸ்க் 5.8 கிலோ. கிட்டத்தட்டப் புதிதான துளை டிஸ்க் 4.9 கிலோ. குறுக்களவு ஒன்றுதான். துளைகளில் போன எடை சொற்பம். மீதி எங்கே போனது? விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்தது: பேடு உரசும் இரண்டு பக்கத் தட்டுகளும் மெலிசு, நடுவில் காற்றுப் போகும் இடத்தில் இருக்கும் விலாக்களும் குறைவு.

எடைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்கலாம். 1,300 கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் வெளிப்படும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நாலு டிஸ்க்கும் சேர்ந்து, சில நொடிகளில் அதை வாங்கியாக வேண்டும். முன்பக்கத்துக்குத்தான் பெரும்பங்கு. இரும்பு குறைந்தால் அதே வெப்பத்துக்குச் சூடு இன்னும் ஏறும். அதனால் இப்போது டிஸ்க் வாங்கும்போது முதலில் கையில் தூக்கிப் பார்க்கிறேன்.

ஆனால் குறை முழுவதையும் அந்த டிஸ்க் மேல் போடுவது நியாயமில்லை. "டிஸ்க் கோணிடுச்சு" என்று எல்லோரும் சொல்வோம். நிஜத்தில் டிஸ்க் வளைவது அபூர்வம். நான் போன மெக்கானிக் அண்ணன், மிக நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து அளந்து காட்டினார். சுழலும்போது டிஸ்க் 0.12 மில்லிமீட்டர் ஆடியது. பல கார்களுக்கு 0.05 முதல் 0.1 வரைதான் பொறுக்கலாம். டிஸ்க்கைக் கழற்றி, "இங்க பாருங்க தம்பி" என்று ஹப்பை, அதாவது டிஸ்க் போய் உட்காரும் சக்கர மையத்தை, காட்டினார். துரு அப்படியே பொருக்குத்தட்டி இருந்தது. முதல்முறை மாட்டியவர் அதைத் துடைக்காமலே புது டிஸ்க்கை அதன்மேல் உட்கார வைத்துவிட்டார். சாய்ந்து சுழலும் டிஸ்க்கில் ஒரே இடத்தில் பேடு திரும்பத் திரும்ப உரசும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் அங்கே கனம் மாறும். அந்த வித்தியாசம் 0.02 மில்லிமீட்டர் வந்தாலே கைக்கும் காலுக்கும் நடுக்கம் தெரியத் தொடங்கிவிடும்.

சரி, இரண்டாவது செட்டுக்கு வருகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. ஒரே நிறுவனம் இரண்டு மூன்று தரத்தில் விற்கிறது, பெயரை மட்டும் நம்பிப் போனால் வேறொன்று கையில் வந்து சேரும். நான் வாங்கியது துளையோ கோடோ இல்லாத, நடுவில் காற்றுப் போகும் சாதாரண டிஸ்க். கார்பன் அதிகம் சேர்த்த வார்ப்பிரும்பு. வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதிர்வையும் அமுக்கும். தராசில் 6.2 கிலோ. நடுக் குமிழிலும் ஓரத்திலும் சாம்பல் நிறத் துருத்தடுப்புப் பூச்சு. குறைந்தபட்சக் கனம் 20 மில்லிமீட்டர் என்று ஓரத்திலேயே பொறித்திருந்தது. அந்த எண் பொறிக்காத டிஸ்க்கை நான் வாங்க மாட்டேன்.

பேடு செராமிக் வகை. உலோகம் கலந்த செமி மெட்டாலிக் பேடு கடும் சூட்டைத் தாங்கும், ஆனால் டிஸ்க்கைக் கூடுதலாகத் தேய்க்கும், சக்கரத்தில் கறுப்புத் தூள் அப்பும். அதிகம் பாரம் இழுப்பவருக்கு அதுதான் சரி. எனக்கு டிஸ்க் நாள்பட உழைக்க வேண்டும், அதனால் செராமிக். பேடின் பின்தகட்டில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும், பக்கத்தில் '90ஆர்' என்பதும் இருக்கிறதா என்று பார்த்தேன். ஐரோப்பிய ஒழுங்குவிதி 90-இன்படி சோதித்த பேடு என்று அதற்கு அர்த்தம். பிடிப்பு ஒரிஜினல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. ஓரத்தில் 'எஃப்எஃப்' என்றும் அச்சிட்டிருந்தது. முதல் எழுத்து சாதாரண நிலைப் பிடிப்பு, இரண்டாவது சூடான நிலைப் பிடிப்பு. 'எஃப்' என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரை. பேடு எத்தனை நாள் உழைக்கும் என்பதை இந்த எழுத்துகள் சொல்லாது, அதைக் கடைக்காரர்கள் கலந்துகட்டிப் பேசுகிறார்கள்.

மாட்டும்போது நான் கூடவே நின்றேன். ஹப்பை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, இரும்பு வெளுத்துத் தெரியும்வரை விடவில்லை. பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் நகரும் பின்களைக் கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவினார் அண்ணன். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிப் பின் இறுகிவிடும். அப்படி இறுகினால் உள்பக்கப் பேடு மட்டும் தேய்ந்து தீரும். சக்கர போல்ட்களை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் வைத்துக் குறுக்குக் குறுக்காக முறுக்கினார். புது டிஸ்க்கின் ஆட்டம் 0.03. எனக்கு அந்த முள்ளைப் பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும் என்பதற்காக, அன்று மாலையே காலிச் சாலையில் 60-லிருந்து 10 கிலோமீட்டர் வேகம்வரை பத்து முறை இதமாக மிதித்து இறக்கினேன். நடுவில் ஓட்டி ஆறவிட்டேன். முழுதாக நிறுத்திக் காலை அழுத்திப் பிடிக்கவில்லை. பிடித்தால் சூட்டில் பேடின் பொருள் ஒரே இடத்தில் படிந்துவிடும். பேடு பெட்டியில் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

குறையும் உண்டு. பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை முதல் சில கிலோமீட்டரில் பிடிப்பு மந்தமாக இருந்தது, அன்றைக்கு முன்னால் போகும் வண்டியிடமிருந்து கூடுதலாகத் தள்ளியே போனேன். பேடு உட்காரும் ஸ்டீல் கிளிப்புகள் பெட்டியில் இல்லை, தனியாக வாங்க வேண்டி வந்தது. நல்ல பேடு செய்பவர்கள் நாலு கிளிப்பைப் பெட்டியில் போடாமல் விடுவது சரியில்லை. மழை நாளின் விடிகாலையில் முதல் இரண்டு மிதிக்கு லேசாகக் கிறீச்சிடும், பிறகு ஓய்ந்துவிடும்.

போன வாரம் 38,000 கிலோமீட்டரில் அளந்தேன். டிஸ்க் 22 மில்லிமீட்டரிலிருந்து 21.4-க்கு வந்திருக்கிறது. பேடு 11-இலிருந்து 5. உள்பேடும் வெளிப்பேடும் ஏறக்குறைய ஒரே கனத்தில் நிற்கின்றன. பேடு 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அதே பேடை, இந்த முறை கிளிப்போடு, வாங்கப் போகிறேன். டிஸ்க் இன்னொரு பேடு காலத்தையும் தாங்கும். அதே மலையில் போன மாதம் இறங்கினோம். ஸ்டியரிங் அசையவே இல்லை.