டர்பனில் ஓட, ஜோபர்க் ஏற: மின்சாரக் காரா, பிளக்-இன்னா, ஹைபிரிட்டா?

வார நாட்களில் சாட்ஸ்வர்த்திலிருந்து அம்ஷ்லாங்கா போய் வர வேண்டும். டிசம்பரிலும் ஈஸ்டரிலும் ஜோஹானஸ்பர்க் (ஜோபர்க்) பக்கத்து லெனேசியாவில் இருக்கும் சொந்தங்களைப் பார்க்க என்3 நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்குக் காரால் ஆகவேண்டிய வேலை இவ்வளவுதான். முதல் வேலைக்குக் கடையில் நிற்கும் எந்த மின்சாரக் காரும் போதும். இரண்டாவதுதான் சிக்கல். "முழு சார்ஜில் 480 கிலோமீட்டர்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை வைத்து அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. டர்பன் கடலோரத்தில் கிடக்கிறது, ஜோஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நடுவே 570 கிலோமீட்டர், பெரும்பகுதி மணிக்கு 120 வேகம்.

ஒப்பிட நான்கு வகையை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, சின்ன பேட்டரி மின்சாரக் கார்: 2025 இல் 3,39,900 ராண்டுக்கு வந்த பிஒய்டி டால்ஃபின் சர்ஃப், 30 யூனிட் பேட்டரி. இரண்டு, பெரிய பேட்டரி: வால்வோ இஎக்ஸ்30, எடுத்துப் பயன்படுத்தக்கூடியது 64 யூனிட் அளவு. மூன்று, பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து, பிளக் போட்டும் சார்ஜ் ஏற்றும் ஹைபிரிட் (பிளக்-இன்): பிஒய்டி சீலயன் 6, ஜேகூ ஜே7 போன்றவை, பேட்டரி 18 யூனிட். நான்கு, பிளக்கே இல்லாத ஹைபிரிட்: நம் ஊர் புராஸ்பெக்டனிலேயே டொயோட்டா செய்யும் கொரோலா கிராஸ். யூனிட் என்று நான் சொல்வது பிரீபெய்ட் மீட்டரில் நாம் வாங்கும் அதே யூனிட்தான், அதாவது ஒரு கிலோவாட் மணி. கார் பேட்டரியையும் இப்படியே பார்த்துப் பழகினால் கணக்கு சுலபம்.

ஊருக்குள்

இதில் பெரிய விவாதம் இல்லை. போக வர 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சின்ன மின்சாரக் கார் ஊருக்குள் 100 கிலோமீட்டருக்கு 13 யூனிட் அளவில் ஓடும். அப்படியானால் ஒரு நாளைக்கு 8 யூனிட், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 9. வீட்டில் இருக்கும் சாதாரண மூன்று முள் பிளக்கில் 2.2 கிலோவாட் வேகத்தில் போட்டாலும் நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்தது. சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் பெட்டி வைத்தால் நல்லதுதான், ஆனால் சின்ன காருக்கு அது அவசியமே இல்லை. விற்பவர் வற்புறுத்தினாலும் முதல் சில மாதம் பிளக்கிலேயே ஓட்டிப் பாருங்கள்.

செலவுக்கு வருவோம். யூனிட் மூன்றரை ராண்ட், பெட்ரோல் லிட்டர் 21 ராண்ட் என்று போட்டுக்கொள்கிறேன். உங்கள் விலை வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அந்த 60 கிலோமீட்டருக்குச் சின்ன மின்சாரக் காருக்கு 31 ராண்ட் ஆகும். பிளக்-இன் ஹைபிரிட் உடம்பு கனம், 12 யூனிட் கேட்கும், 42 ராண்ட். கொரோலா கிராஸ் ஹைபிரிட் உண்மையான போக்குவரத்தில் நூற்றுக்கு 5 லிட்டர் குடித்தால் 63 ராண்ட். சாதாரண பெட்ரோல் கார் 7 லிட்டர் என்றால் 88.

இந்தக் கணக்கு முழுக்க வீட்டு பிளக்கை நம்பி நிற்கிறது. பிளக்குக்குப் பக்கத்தில் காரை நிறுத்த இடமில்லாத அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, பொதுச் சார்ஜரில் யூனிட்டுக்கு ஏழு ராண்ட் கொடுத்தால், அதே சின்ன மின்சாரக் கார் நாளுக்கு 56 ராண்ட் கேட்கும். ஹைபிரிட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் ஏழு ராண்ட். அதற்காக மாலில் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். வீட்டில் பிளக் போட வழியில்லாதவர்கள் இப்போதைக்கு மின்சாரக் கார் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து. அவர்களுக்குக் கொரோலா கிராஸ்.

டர்பன் புழுக்கத்தில் ஏசி எவ்வளவு இழுக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஒரு கிலோவாட், மிஞ்சிப்போனால் ஒன்றரை. ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றாலும் ஒன்றரை யூனிட்தான் போகும். விட்டுத்தள்ளுங்கள்.

மலை ஏறும்போது

இங்கேதான் நின்று பேச வேண்டும். இஎக்ஸ்30 காரில் நான்கு பேர், பின்னால் மூட்டை முடிச்சு, மொத்தம் 2,150 கிலோ என்று வையுங்கள். இதை என்3 இல் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கும் ஹாரிஸ்மித் வரை, அதாவது சுமார் 1,600 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் பத்து யூனிட் போகும். இது பள்ளிக்கூட இயற்பியல், எந்தக் கம்பெனி பேட்டரியாலும் குறைக்க முடியாது. டர்பனிலிருந்து ஹாரிஸ்மித் சுமார் 300 கிலோமீட்டர். 120 வேகத்தில் நூற்றுக்கு 20 யூனிட் வீதம் 60. இரண்டையும் கூட்டினால் 70. பேட்டரியில் இருப்பதோ 64.

ஆக, சோதனைக்கூடத்தில் 475 கிலோமீட்டர் தொட்ட கார், மேலே போகும்போது 300 கிலோமீட்டரைத் தாண்டாது. வேகத்தை 100 க்கு இறக்கினால் நூற்றுக்கு 16 அல்லது 17 யூனிட் ஆகி, ஹாரிஸ்மித்தைத் தொட்டுவிடலாம், ஆனால் நெஞ்சு படபடப்போடு. என் யோசனை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் (Town Hill) என்ற மேட்டை ஏறி முடித்தபின் பாதி வழியில் ஒரு பதினைந்து, இருபது நிமிடம் நிறுத்துங்கள். பிள்ளைகள் எப்படியும் நிறுத்தச் சொல்வார்கள்.

இறங்கும்போது கதையே வேறு. ஹாரிஸ்மித்தில் நிரப்பிக்கொண்டு டர்பன் வந்தால், அதே 60 யூனிட்டில் ஆறேழு யூனிட்டை வான் ரீனன் கணவாயும் டவுன் ஹில்லும் திருப்பிக் கொடுத்துவிடும். 53 யூனிட்டில் வீடு வந்து சேரலாம், எங்கும் நிற்காமல். ஒரே கார், ஒரே சாலை, போக 70, வர 53. இறக்கத்தில் பிளக் இல்லாத ஹைபிரிட் என்ன செய்யும் தெரியுமா? அதன் பேட்டரி ஒன்றரை யூனிட் கூட இல்லை. கணவாயில் கொஞ்ச தூரம் இறங்கியதுமே அது நிரம்பிவிடும். மிச்சமெல்லாம் பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகிப் போய்விடும்.

மின்சாரக் காருக்கு மேட்டுநிலம் ஒரு சலுகையும் தருகிறது. ஹாரிஸ்மித் தாண்டி வில்லியர்ஸ், ஹைடல்பர்க் வழியில் காற்று ஆறில் ஒரு பங்கு லேசு. காரைத் தடுக்கும் காற்று குறைவதால் யூனிட் செலவும் குறையும். அதே லேசான காற்று டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினின் பலத்தில் ஆறில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். ஜோபர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் சின்ன எஞ்சின் கார் ஓட்டியவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின் மோட்டாருக்கு மூச்சு வாங்காது.

சரி, டால்ஃபின் சர்ஃப் ஜோபர்க் போகுமா? போகும், பொறுமை இருந்தால். நெடுஞ்சாலையில் நூற்றுக்கு 17 யூனிட், மூயி ரிவர் சுமார் 145 கிலோமீட்டர், உயரம் கிட்டத்தட்ட 1,400 மீட்டர். 25 யூனிட் தூரத்துக்கு, 6 யூனிட் ஏற்றத்துக்கு. மொத்தம் 31, பேட்டரி 30. மூயி ரிவர் சுங்கச்சாவடிக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். ஜோபர்க் வரை இப்படிப் பல முறை நிற்க வேண்டும். ஊருக்குள் ராஜாவான இந்தக் காரை இந்த வேலைக்கு அனுப்புவது, சைக்கிளில் கரும்பு லோடு ஏற்றுவது மாதிரி.

சார்ஜர் எத்தனை வேகம், கார் எத்தனை வாங்கும்

நெடுந்தூரத்துக்கு என்று மின்சாரக் கார் வாங்குபவர்கள் பேட்டரி அளவை மட்டும் ஒப்பிடுகிறார்கள். எந்த வேகத்தில் சார்ஜை உள்ளே வாங்கும் என்பதை அதே அளவு கவனியுங்கள். இஎக்ஸ்30 பெரிய பேட்டரி 150 கிலோவாட் வரை வாங்கும், பத்து சதவீதத்திலிருந்து எண்பதுக்கு அரை மணி நேரம் போதும். பிஒய்டி அட்டோ 3 (Atto 3) காரின் 60 யூனிட் பேட்டரி 90 கிலோவாட்டையே தொடாது. பேட்டரி ஏறக்குறைய ஒரே அளவு, நிற்கும் நேரம் வேறு.

ஆனால் அந்த 150 ஐக் கொடுக்கச் சாலையோரத்தில் சார்ஜர் வேண்டுமே! ஜாகுவார், கிரிட்கார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2018 இல் என்3, என்1 சாலைகளில் சார்ஜர் வைத்தபோது அவற்றில் பெரும்பாலானவை 60 கிலோவாட். இன்றும் அந்த வேகத்துச் சார்ஜர்கள் நிறைய. அதில் 45 யூனிட் நிரப்ப முக்கால் மணி நேரம். போகும் முன் பிளக்‌ஷேர் ஆப்பில் வேகத்தைப் பாருங்கள், கடைசியாகச் சார்ஜ் போட்டவர் எப்போது போட்டார் என்பதையும் பாருங்கள். பெட்ரோல் கராஜில் ஆள் வந்து நிரப்பி, கண்ணாடியும் துடைத்து அனுப்புவார். சார்ஜரில் எல்லாம் நாமேதான்.

பெரிய வெள்ளியில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கும் இசிப்பிங்கோ கோயிலுக்கும் மேலேயிருந்து ஆட்கள் இறங்கும் நாட்கள் தனி. என்3 நிரம்பி வழியும். காரில் செருகும் துப்பாக்கி இரண்டே உள்ள சார்ஜரில், காத்திருக்கும் வரிசையில் நான்காவது ஆளாக நின்றால் ஒன்றரை மணி நேரம் வரை கூடுதல். அந்த வாரத்தில் விடியுமுன் கிளம்புங்கள், இல்லையேல் வீட்டிலுள்ள பெட்ரோல் காரை எடுங்கள்.

செலவு? இஎக்ஸ்30 வீட்டில் நிரம்பிக் கிளம்பி, வழியில் 60 யூனிட் வாங்கினால் ஜோபர்க் வரை சுமார் 650 ராண்ட். கொரோலா கிராஸ் ஹைபிரிட் இந்த ஏற்றத்தில் நூற்றுக்கு ஆறு லிட்டருக்கு மேல் குடிக்கும், 750 ராண்ட் சுமார். பிளக்-இன் முதல் 60 கிலோமீட்டருக்குப் பேட்டரியில் ஓடி, பிறகு காலியான பேட்டரியின் கனத்தையும் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஏறும், 800 ராண்ட். நெடுந்தூரத்தில் மின்சாரக் காரால் பெரிதாகப் பணம் மிஞ்சும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிச்சமெல்லாம் ஊருக்குள்தான்.

கரண்ட் போனால், பனி பெய்தால்

2023 இல் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. முறை வைத்துக் கரண்டை வெட்டும் லோட்-ஷெடிங் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில்கூட, இரண்டு மணி நேரம் அல்லது நாலரை மணி நேர வெட்டுக்கு நடுவே இரவில் ஒரு காருக்கு 9 யூனிட் ஏற்ற நேரம் கிடைத்திருக்கும். வீட்டுக்கு அது பெரிய தடையில்லை. சாலையோரச் சார்ஜர் மாற்று மின்சாரம் இல்லாமல் நிற்பதுதான் தொல்லை. 2024 நவம்பரில் என்12 இல் வோல்மரன்ஸ்டாட் ஊரில், அரசு மின் நிறுவனமான எஸ்காமின் இணைப்பே இல்லாமல் சூரிய மின்சாரத்தில் ஓடும் சார்ஜிங் நிலையம் திறந்தார்கள். அதே மாதிரி என்3 இல் வரிசையாக வந்தால் என் தீர்ப்பில் பாதி மாறும்.

2024 செப்டம்பரில் வான் ரீனனில் பனி கொட்டி என்3 மூடப்பட்டது நினைவிருக்கும். பலர் ராத்திரி முழுக்கக் காரிலேயே கிடந்தார்கள். ஹீட்டருக்கு ஒன்றரை, இரண்டு கிலோவாட் என்றால், 30 யூனிட் மிச்சமுள்ள மின்சாரக் கார் பதினைந்து மணி நேரம் தாங்கும், புகையும் இல்லை. பெட்ரோல் கார் நின்றபடி மணிக்கு ஒரு லிட்டர் எரிக்கும், 30 லிட்டர் இருந்தால் ஒரு நாளுக்கும் மேல். இந்த ஒரு விஷயத்தில் பெட்ரோல் முன்னே நிற்கிறது. குளிர்காலத்தில் சாலைச் செய்தி கேட்டுவிட்டுக் கிளம்புவது எல்லாக் காருக்கும் பொது.

நான் என்றால்

வீட்டில் இரண்டு கார் இருந்தால், ஒன்றைச் சின்ன மின்சாரக் காராக மாற்றுவேன், மற்ற பெட்ரோல் காரை என்3 க்கு வைத்துக்கொள்வேன். பேட்டரிக்கு அதிகப் பணம் கொட்டவும் வேண்டாம், சார்ஜரில் வரிசையில் நிற்கவும் வேண்டாம். ஒரே கார்தான், வீட்டில் பிளக் உண்டு, ஜோபர்க் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை என்றால் பிளக்-இன். எழுபது எண்பது கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓடும், ராத்திரி ஒரு முறை மூன்று முள் பிளக்கில் போட்டால் காலையில் நிரம்பியிருக்கும். தினமும் பிளக் போடச் சோம்பல்படுபவர் இதை வாங்கினால் கனமான பெட்ரோல் கார் வாங்கியதாகத்தான் அர்த்தம். பெரிய பேட்டரி மின்சாரக் கார் பயணத்தை ரசித்து ஓட்டுபவருக்கு. ஓட்டத்தில் அதுதான் சுகம், விலைதான் கசக்கும். ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு 18 சதவீத இறக்குமதி வரி, மின்சாரக் காருக்கு 25 என்று வைத்திருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

லெனேசியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். வரும்போது இறக்கம், சிரமமில்லை. திரும்பும்போதுதான் ஏற்றம், அதற்கு டர்பனிலேயே பேட்டரி நிரம்ப வேண்டும். ஃபீனிக்ஸில் பெரியம்மா வீட்டு மூன்று முள் பிளக்கில் ஒரு ராத்திரி போட்டால் 22 யூனிட்தான் ஏறும், முழுசாக நிரம்ப முப்பது மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மூன்று நாள் தங்குபவருக்குப் பிரச்சினையில்லை. சனிக்கிழமை வந்து ஞாயிறு கிளம்புபவர், கிளம்பும் முன் அம்ஷ்லாங்கா பக்கம் ஒரு விரைவுச் சார்ஜரைத் தேடிக்கொள்ளட்டும். பெரியம்மா வீட்டிலேயே முழுக்க நிரப்பினால், பிரீபெய்ட் மீட்டரில் 250 ராண்டுக்கு யூனிட் போட்டுவிட்டு வாருங்கள்.