துப்பாக்கி லைசென்ஸ் ஒரிஜினலைக் கொரியரில் அனுப்பிவிட்டு நான் பட்ட பாடு

கன்மேன் வேலை பார்க்கும் முன்னாள் ராணுவத்தார், முந்திரித் தோப்புக் காவலுக்கு அப்பா காலத்து ஒற்றைக்குழல் வைத்திருப்பவர்கள், யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டு அப்புறம் கொரியர் கடைப் பக்கம் போங்கள். லைசென்ஸ் புக்கின் ஒரிஜினலை நான் கொரியரில் போட்டேன். ஐந்து மாதம் சம்பளம் போச்சு, துப்பாக்கி ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தது, அது போதாதென்று ஒருத்தன் என்னிடமே பணமும் பிடுங்கினான்.

நான் ஹவில்தாராக ரிடையர் ஆனவன். சொந்த ஊர் தெற்கே, லைசென்ஸும் அந்த மாவட்டத்தில் வாங்கியது. மனைவி ஊர் கடலூர் என்பதால் திருப்பாப்புலியூரில் குடியிருக்கிறோம். ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் கன்மேன் வேலை. சிதம்பரம், நெய்வேலி, பண்ருட்டி லைன் எல்லாம் போவேன், பாண்டி லைன் மட்டும் போக மாட்டேன். என் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான். பாண்டி எல்லையான முள்ளோடை தாண்டினால் அது செல்லாது. "பக்கத்துலதானே, ஒரு ட்ரிப் அடிச்சுட்டு வந்துருங்க" என்று மேனேஜர் எத்தனையோ தடவை கேட்டும் நான் அசையவில்லை. பேப்பர் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்தவன்தான் கடைசியில் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

2020 ஜனவரியில் புதுப்பித்தபோது ஐந்து வருஷத்துக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின மாதம்தான் சட்டத்தைத் திருத்தி மூன்று வருஷத்தை ஐந்தாக்கியிருந்தார்கள். ஆக, 2025 ஜனவரியில் முடிகிறது. நவம்பரில் ஊருக்குக் கிளம்பலாம் என்றால் முட்டி ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கும் ஆபீஸ் வாசலில் டைப்பிங் கடை வைத்திருக்கும் ஒருவரைப் பழைய பழக்கத்தில் போனில் பிடித்தேன். "இந்த முட்டியோட எதுக்கு சார் அலையிறீங்க? ஒரிஜினல் புக்கையும் பேப்பரையும் கொரியர்ல போட்டு விடுங்க, உள்ளே நான் பாத்துக்கிறேன்" என்றார். முன்பணம் 3,000 ரூபாய் ஜிபேயில் போனது.

2024 நவம்பர் 28, வியாழக்கிழமை. புயல் வருது வருது என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு கொரியர் கடை. கவுண்டரில் இருந்த பையன் "உள்ளே என்ன சார்?" என்று கேட்டான். மறைக்க என்ன இருக்கிறது என்று சொன்னேன். பச்சை மார்க்கர் ஒன்றை எடுத்து, அரை அடி உறை மேல் பெரிய எழுத்தில் "கன் லைசென்ஸ், ஒரிஜினல்" என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டான். எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். பையன் பொறுப்பாக இருக்கிறானே என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

அந்த உறையை ஒரு திருடன் கையில் கொடுத்துப் பாருங்கள். புக்கில் என் போட்டோ, துப்பாக்கியின் கம்பெனி, 12 போர் என்ற குழல் அளவு, அதன் நம்பர், எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்பது வரைக்கும் இருக்கிறது. கூடவே கடலூர் முகவரியோடு ஆதார் ஜெராக்ஸ், நாலு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, டாக்டர் சர்டிபிகேட். உறையின் மேல் என் செல் நம்பர். எந்தத் தெருவில், எந்த வீட்டில், என்ன ஆயுதம் இருக்கிறது, வீட்டுக்காரர் இப்போது வீட்டில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள எந்த நம்பருக்கு அடிக்க வேண்டும் என்பது வரை எல்லாமே அதில் அடக்கம். புக் தொலைந்தால் திரும்ப வாங்க அலைய வேண்டுமே என்றுதான் முதலில் கவலைப்பட்டேன். இது உறைத்ததற்கு அப்புறம் இரண்டு வாரம் தூக்கமில்லை.

30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையேறியது. பாண்டியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் தென்பெண்ணை பெருகி, கடலூரில் பல இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர். அந்த ஒரு வாரம் உறையைப் பற்றி யாருக்கு ஞாபகம்? 6ஆம் தேதி டிராக்கிங்கைப் பார்த்தால் 3ஆம் தேதியே டெலிவரி ஆகிவிட்டதாகக் காட்டியது. கையெழுத்து என்ற இடத்தில் ஒரு சுழி. டைப்பிங் கடைக்காரர் தனக்கு எதுவும் வரவில்லை என்று சத்தியம் செய்தார். கொரியர் கடையிலோ, "சிஸ்டத்துல டெலிவர்டுன்னு இருக்கு சார், எங்க வேலை முடிஞ்சுது." பிறகு அங்கே வண்டி ஓட்டும் ஒருவர் டீக்கடையில் மெதுவாகச் சொன்னார்: மழையில் லோடு தேங்கினால் பெண்டிங் காட்டக்கூடாதென்று சாமான் போகாமலேயே என்ட்ரியை மூடிவிடுவார்களாம்.

ஸ்டேஷனுக்குப் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் எஸ்.ஐ. கேட்ட முதல் கேள்வி, "துப்பாக்கி இப்ப எங்க இருக்கு?" வீட்டில் பீரோவில் பூட்டி இருக்கிறது என்றேன். தொலைந்தது எந்த எல்லையில் என்று தெரியாததால் புகாரை யார் வாங்குவது என்பதில் இழுபறி. மூன்றாவது நாள்தான் சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வாங்கியதற்கான ரசீது, போட்டுக் கொடுத்தார்கள். கையில் புக் இல்லாதவனை வண்டியில் ஏற்ற முடியாது என்று ஏஜென்சியும் நிறுத்திவிட்டது. அதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

டிசம்பர் கடைசியில் ஒரு போன். "சார், உங்க புக்கு என்கிட்டதான் இருக்கு." வாட்ஸ்அப்பில் படமும் வந்தது. என் புக்தான், தண்ணீரில் ஊறி உப்பிய முதல் பக்கம், ஓரத்தில் பச்சை மை இறங்கியிருந்தது. ஐயாயிரம் கேட்டான். முதலில் இரண்டாயிரம் அனுப்புங்கள், பஸ்ஸில் போட்டு விடுகிறேன் என்றான். மனைவி "ஏங்க, ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்புங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது அனுப்பிவிட்டேன். அதோடு அந்த போன் ஸ்விட்ச் ஆஃப். பட்டாளத்தில் இருபது வருஷம் சென்ட்ரி நின்றவன் இப்படி ஏமாந்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடித்துப் புகார் கொடுத்தேன், அந்தப் படத்தையும் ஸ்டேஷனில் கொடுத்தேன். பணமும் வரவில்லை, புக்கும் வரவில்லை.

ஜனவரியில் லைசென்ஸ் தேதி முடிவதற்குள் இன்னொரு வேலை இருந்தது. பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தேதி முடிந்த லைசென்ஸோடு துப்பாக்கியை வீட்டில் வைத்திருந்தால், அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. புக் தபாலில் தொலைந்தது என்ற கதையை யாரும் கேட்க மாட்டார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது இரண்டு வருஷம், ஐந்து வருஷம் வரைகூடச் சிறை. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். போகி அன்று காலையில் துப்பாக்கியையும் பதினொரு தோட்டாவையும் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். ரசீதில் துப்பாக்கி நம்பரை அவர்கள் எழுதுவதைக் கூடவே நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு இலக்கம் மாறியிருந்தது, திருத்தி வாங்கினேன்.

டூப்ளிகேட் புக்குக்கு மூன்று தடவை ஊருக்குப் போய் வந்தேன், அதே முட்டியோடு. என்னைக் காப்பாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, யுஐஎன் நம்பர், லைசென்ஸ்காரர் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் தனி அடையாள எண். பத்து வருஷத்துக்கு முன்னால் அதை வாங்க அலையவிட்டபோது திட்டியிருக்கிறேன். அந்த நம்பரைத் தட்டியதும் என் விவரம் முழுக்கக் கம்ப்யூட்டரில் வந்தது. இரண்டாவது, 2020இல் என் மகள் சும்மா இருக்காமல் புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள், துப்பாக்கி வாங்கிய என்ட்ரி இருக்கும் பக்கம் உட்பட. செக்‌ஷனில் இருந்த ஊழியரம்மா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "ஒரிஜினலைத் தபால்ல அனுப்பச் சொன்னது யாரு? நாங்க சொல்லலையே" என்றார். எனக்குப் பதில் இல்லை. மே மாதம் வேலைக்குத் திரும்பினேன்.

தபால் ஆபீஸில் போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று சிலர் சொன்னார்கள். கொஞ்சம் தேவலை என்பேன், அவ்வளவுதான். பதிவுத் தபால் இப்போது தனியாகக் கிடையாது, 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். கூடக் கொஞ்சம் கட்டினால் ஓடிபி சொல்லி வாங்கும் வசதி உண்டு. ஆனால் கவர் போவது ஒரு ஆபீசுக்கு, அங்கே யார் போனுக்கு ஓடிபி வரும்? நடக்க முடியவில்லை என்றால் முடியும்வரை பொறுங்கள், அல்லது மகனையோ மருமகனையோ கடிதம் கொடுத்து அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் ஜெராக்ஸ் மட்டும். ஒரிஜினலை நேரில் கொண்டுபோய், தேதி முத்திரை போட்ட ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுங்கள். அப்படியும் ஏதாவது பேப்பரை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் உறை மேல் உள்ளே இருப்பது என்னவென்று எழுதவிடாதீர்கள்.

கொரியர் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருக்கிறேன். சேவைக்கு நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் வைக்கவில்லை. அவர்கள் தரப்பு ஆயுதம் ரசீதின் பின்பக்கம்: தொலைந்தால் நூறு ரூபாய்க்கு மேல் பொறுப்பில்லை என்று எறும்பு சைஸ் எழுத்தில் அச்சடித்திருக்கிறது. படிக்கிற மாதிரி நகல் வேண்டும் என்று ஆணையத்தில் கேட்டார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அதைப் பெரிதாக்கச் சொன்னேன். எழுத்து கண்ணுக்குத் தெரியும்படி வர ஏ3 தாள் தேவைப்பட்டது.