ஆர்க் அணிக்கு இன்னும் இரண்டு பிளாக்கர்: பெட்டியா, வெட்டி ஒட்டலா, ரெசினா?

சிறு உருவங்களுக்கு வண்ணம் பூசி மேசைமேல் ஆடும் அமெரிக்கக் கால்பந்து பாணி ஆட்டமான பிளட் பௌலில் ஆர்க் (பச்சைத் தோல் அரக்கர்) அணியைத் தேர்ந்தெடுக்கும் புதியவர் தூரிகையைத் தொடும் முன்பே ஒரு கணக்கில் மாட்டிக்கொள்வார். அணி அமைக்கக் கையில் இருப்பது 10 லட்சம் பொற்காசு. 2020 பதிப்பின் பட்டியலில் பாய்ந்து தாக்கும் பிளிட்ஸர் 80 ஆயிரம், எதிரியை அடித்துத் தடுக்கும் பருத்த பிக் அன் பிளாக்கர் (சுருக்கமாகப் பிக் அன்) 90 ஆயிரம், சாதாரண வீரனான லைன்மேன் 50 ஆயிரம். நான்கு பிளிட்ஸர், நான்கு பிக் அன், மூன்று லைன்மேன் எடுத்தால் 8,30,000. பகடையை மறுபடி உருட்ட உதவும் இரண்டு ரீரோலுக்கு 1,20,000, காயம் பார்க்கும் அப்போதிக்கரிக்கு 50,000. காசு மிச்சமில்லாமல் தீர்கிறது, 11 பேரும் நிறைகிறார்கள். அடித்து ஆட விரும்புவோருக்கு உறுதியான தொடக்கம். ஆனால் ஆட்டத்தைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் 'கௌஜ்ட் ஐ' ஆர்க் பெட்டியில் வரும் 12 பேரில் பிக் அன் இரண்டே பேர். மற்றவர்கள் நான்கு பிளிட்ஸர், நான்கு லைன்மேன், பந்து எறியும் இரண்டு த்ரோயர். (அடுத்த பதிப்பில் ஆடுவோர் விலைகளையும் வரம்புகளையும் அந்தப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.)

குறைகிற அந்த இருவரை எங்கிருந்து கொண்டுவருவது? வழி நான்கு. நான்கையும் அளக்க எங்களிடம் இருப்பது ஒரே அளவுகோல்: மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் எதிராளி குனிந்து கேட்காமலே 'இவன் பிக் அன்' என்று சொல்ல வேண்டும். அழகு அதற்கு அடுத்தது.

இன்னொரு பெட்டி வாங்குவது

வெட்டு இல்லை, இடைவெளி அடைக்கும் புட்டி இல்லை, அளவும் பொருளும் ஒன்றே. ஆனால் இருவருக்காக 12 பேருக்கான காசு போகிறது. பெட்டியில் ஒரே அச்சில் வார்த்த, உருவத் துண்டுகளைத் தாங்கிய இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள் இருப்பதால் ஒரே பெட்டியிலேயே ஒவ்வொரு நிலையும் இரண்டு முறை வந்துவிடும். இரண்டு பெட்டி வாங்கினால் நான்கு பிக் அன்களும் ஒரே மாதிரி கையைத் தூக்கி நிற்பார்கள். அதை மாற்ற எப்படியும் கத்தியை எடுக்க வேண்டும். கத்தி எடுப்பதென்றால் அடுத்த வழி மலிவு. நண்பர் ஒருவரும் ஆர்க் அணி கட்டுகிறார், சட்டங்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றால் மட்டுமே இதை யோசிக்கலாம்.

போர்ப்படைப் பெட்டியிலிருந்து எடுப்பது

எங்கள் தேர்வு இதுதான். வார்ஹேமர் போர் ஆட்டத்துக்காக வந்த பழைய பிளாக் ஆர்க் பிளாஸ்டிக் பெட்டி, பின்னாளில் ஆர்ட்பாய்ஸ் என்ற பெயரிலும் விற்கப்பட்டது. 10 கனக்கவச ஆர்க்குகள். தலை, கை, உடல் எல்லாம் தனித்தனித் துண்டுகள். 32 மி.மீ. அடித்தட்டில் நிற்கும் உருவங்கள் என்பதால் பிளட் பௌல் அடித்தட்டில் அப்படியே பொருந்தும். முழுப் பெட்டி தேவையில்லை. உதிரியாக இரண்டு உடல் கிடைத்தால் போதும். பிக் அன்னுக்கு 2020 பதிப்புக்கு முந்தைய பெயரே பிளாக் ஆர்க் பிளாக்கர் என்பதால் தோற்றத்திலும் பொய் இல்லை.

வேலை முழுக்க ஆயுதத்தை நீக்குவதில்தான். கோடாரிப் பிடியை முஷ்டிக்கு மேலும் கீழும் 1 மி.மீ. விட்டு கிளிப்பரால் நறுக்க வேண்டும். கிளிப்பரின் தட்டையான பக்கம் முஷ்டியை நோக்கி இருக்கட்டும். முஷ்டியை ஒட்டியே நறுக்கினால் பிளாஸ்டிக் நசுங்கி வெளுத்து, விரலின் ஓரம் பிய்ந்து வரும். மீந்த 1 மி.மீட்டரைக் கத்தியால் மெல்லச் சீவி, 600 எண் உப்புத்தாளால் தேய்த்தால் வெற்று முஷ்டி கிடைக்கும். பிளாக்கருக்கு அதுவே போதும், குத்தப் போகிறவன் போல இருப்பான். கேடயத்தை ஒட்டவே வேண்டாம்.

கைகளைக் கோடாரி ஓங்கிய கோணத்திலேயே ஒட்டினால் விளையாட்டு வீரன் வரமாட்டான், ஆயுதம் தொலைத்த சிப்பாய்தான் வருவான். முதலில் ப்ளூ டாக்கில் (பிய்த்தெடுக்கக்கூடிய ஒட்டுப்பசை) ஒட்டிப் பாருங்கள். முழங்கை மார்புக்கு முன்னால் வர வேண்டும், தோள் ஒன்று தாழ வேண்டும். கோணம் பிடித்த பிறகு பிளாஸ்டிக் சிமென்ட். இந்தப் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து இரு துண்டையும் ஒன்றாக உருக்குகிறது. சில நிமிடம் வரை கையைத் திருப்பலாம், அது புதியவருக்கு வரம். ஆனால் 24 மணி நேரம் போகும் முன் அந்த இடத்தை அரத்தால் தேய்க்கக் கூடாது. மேற்பரப்பு இன்னும் இளகி இருப்பதால் தேய்ப்பில் இழுபட்டுக் குழையும்.

கடைசியாகத் தோள்கவசம். கௌஜ்ட் ஐ பெட்டியில் மீந்த கவசத் துண்டு ஒன்றையாவது இந்த இருவர் மேலும் ஒட்டுங்கள். அந்த ஒரு துண்டு போதும், நால்வரும் ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்களாகிவிடுவார்கள்.

இருப்பவரையே பருமனாக்குவது

மேலே சொன்ன 11 பேர் பட்டியலில் த்ரோயர் இல்லை. ஆகவே பெட்டியின் இரண்டு த்ரோயர்களும் சும்மா நிற்கிறார்கள். அவர்களைப் பிக் அன்னாக மாற்றினால் செலவு புட்டிக்கு மட்டும். கேட்க இனிக்கும், கைக்குக் கடினம். பந்து எறியும் கையைத் தோளில் அறுத்துத் திருப்ப வேண்டும், தோளை அகலமாக்க வேண்டும், காலடியில் 2 மி.மீ. கார்க் வைத்து உயர்த்த வேண்டும். அதோடு, லீக் நடுவில் ஒரு த்ரோயரை அணியில் சேர்க்க ஆசை வந்தால் கையில் உருவம் இருக்காது.

அறுத்த கையை வெறும் பசையில் நம்பக் கூடாது. 1 மி.மீ. ட்ரில் பிட்டைக் கைத்துளைப்பானில் மாட்டி இரு பக்கமும் 3 மி.மீ. ஆழம் துளையிட்டு, ஜெம் கிளிப் கம்பியை வெட்டிச் செருகுங்கள். இரு துளையும் நேர்கோட்டில் அமைய, ஒரு பக்கத் துளையில் சொட்டு வண்ணம் வைத்து மறுபக்கத்தை அழுத்தினால் புள்ளி பதியும்.

இடைவெளியை அடைக்க, இரு நிறப் பட்டையாக வரும் கிரீன் ஸ்டஃப் என்ற புட்டி. நீலமும் மஞ்சளும் சம அளவு. இருவருக்கும் சேர்த்து 1 செ.மீ. பட்டை தாராளம். பட்டையில் இரு நிறமும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோட்டை முதலில் வெட்டி எறியுங்கள். அங்கே ஏற்கெனவே இறுகிய துகள்கள் இருக்கும், எவ்வளவு பிசைந்தாலும் குருணையாகவே நிற்கும். கோடே தெரியாத ஒரே பச்சையாகும் வரை பிசைய வேண்டும். கருவியில் நீர் தொட்டுக்கொண்டால் புட்டி அதில் ஒட்டாது. நீர் மிகுந்தால் பிளாஸ்டிக்கிலும் ஒட்டாமல் வழுக்கும். ஒரு நாளைக்கு ஓர் அடுக்கு மட்டும். இறுகாத அடுக்கின் மேல் அடுத்ததை அழுத்தினால் கீழே செய்த வேலை நசுங்கும். வன்பொருள் கடையில் கிடைக்கும் எம்-சீல் தோளை உள்ளே பருமனாக்கவும் கார்க்கைச் சுற்றி நிலம் அமைக்கவும் நன்றாகவே உதவும். தசைக்கோடு, தோல்வார் போன்ற மெல்லிய விளிம்புகளுக்கு அது வேண்டாம்.

முதல் முயற்சிக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இரண்டாவது அணிக்குத் தாராளமாக.

ரெசின்

பிற தயாரிப்பாளர்களின் ரெசின் உருவமோ, 3டி அச்சில் எடுத்ததோ, வடிவத்தில் பெரும்பாலும் இவைதான் முதலிடம். கையில்தான் சிக்கல். பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினில் வேலை செய்யாது, கரைப்பதற்கு அங்கே பாலிஸ்டைரீன் இல்லை; ஃபெவிக்விக் வகை சூப்பர் க்ளூதான் வழி. அது பட்டென்று பிடிக்கும், திருத்த நேரம் தராது. வார்ப்பு ரெசினை வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் கழுவாவிட்டால், அச்சிலிருந்து பிரிக்கப் பூசிய எண்ணெய் மேலேயே தங்கி, ப்ரைமர் என்ற அடிப்பூச்சு தோல் போல் உரிந்து வரும். தேய்க்கும்போது தூள் மூச்சில் போகாமல் ஈரமாகத் தேய்ப்பதும் முகக்கவசமும் கட்டாயம். வீட்டில் அச்சிடுவோர் நைட்ரைல் கையுறை இல்லாமல் திரவ ரெசினைத் தொடவே கூடாது. உள்ளீடற்ற உருவமாக அச்சிட்டால் வடிகால் துளை விடுங்கள். உள்ளே தேங்கிய ரெசின் பின்னாளில் உருவத்தைப் பிளந்துவிடும்.

இன்னொன்று: கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சொந்தக் கடைகளிலும் அந்நிறுவனம் நடத்தும் போட்டிகளிலும் பிற தயாரிப்பு உருவங்களுக்கு இடமில்லை. நண்பர்கள் லீக்கில் அந்தக் கவலை கிடையாது.

வண்ணம்: அடுக்கா, ஒருபூச்சா?

இந்தக் கேள்வியை ஒட்டும் வேலையிலிருந்து பிரித்துக் கேட்பதுதான் பலரும் செய்யும் பிழை. 2019-இல் வந்த சிட்டாடல் கான்ட்ராஸ்ட் போன்ற ஒருபூச்சு வண்ணங்கள் பள்ளத்தில் அடர்ந்தும் மேட்டில் வெளிறியும் தாங்களே நிழல் காட்டும். அதே குணத்தால் நீங்கள் சரியாக அடைக்காத ஒவ்வொரு மூட்டு இடுக்கிலும் ஓடி, கறுப்புக் கோடாக நின்று காட்டிக்கொடுக்கும். அடுக்கு வண்ணம் ஒளிபுகாதது. சின்னத் தவறை மூடிவிடும். வெட்டி ஒட்டிய உருவங்கள் உள்ள அணிக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது.

எனவே இரண்டையும் பங்கு போடச் சொல்கிறோம். தசையும் சுருக்கமும் நிறைந்த ஆர்க் தோலுக்கு, வெளிர்நிற ப்ரைமர் மேல் பச்சை கான்ட்ராஸ்ட் ஒரு பூச்சு: 12 பேரும் ஒரே மாலையில் முடிவார்கள். அகன்ற தட்டைக் கவசங்களுக்கு அது ஆகாது. நடுவில் குளம்போல் தேங்கி, காய்ந்தபின் கரைக்கோடு விடும். தேங்கினால் ஈரமாக இருக்கும்போதே தூரிகை நுனியால் உறிஞ்சுங்கள். பாதி காய்ந்த பிறகு தொட்டால் கிழிந்துவிடும், அப்போது முழுக்கக் காயவிட்டு மறுபடி பூசுவதே வழி. கவசத்துக்கு அடுக்கு முறை: நீர் கலந்து பாலளவு இளக்கிய அடிவண்ணம் இரண்டு பூச்சு, இடுக்கில் ஷேட் (நீர்த்த நிழல் வண்ணம்), மறுபடி அடிவண்ணம், விளிம்பில் வெளிர்க்கோடு. தோலையும் அடுக்கிலேயே செய்ய விரும்பினால் வாக் ஃப்ளெஷ், வார்பாஸ் கிரீன், ஸ்கார்ஸ்னிக் கிரீன் என்ற வரிசை நம்பகமானது. அழகாக வரும், நேரம் பல மடங்கு.

ப்ரைமர் ஸ்பிரேயை 20 முதல் 30 செ.மீ. தொலைவில், சிறு சிறு வீச்சாக அடியுங்கள். உச்சி வெயிலில் தொலைவிலிருந்து அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து மணல் தூவியது போல் படியும். ஈரக்காற்று நாளில் மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ் அடித்தால் வெண்படலம் படரும். கடலோர ஊர்க்காரர்கள் இரண்டையுமே தூரிகையால் பூசிவிடுவது பாதுகாப்பு.

எண்களுக்குப் பெட்டியோடு வரும் டீகால் (ஒட்டுப்படம்) தாளே போதும், கையால் எழுதி அவதிப்பட வேண்டாம். ஆனால் மேட் பரப்பில் நேராக ஒட்டினால் சொரசொரப்புக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் மின்னும். முதலில் அந்த இடத்தில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ், அதன் மேல் டீகால், வளைந்த தோள்கவசமாக இருந்தால் மைக்ரோ சால் என்ற திரவம் ஒரு தொடுகை. அது படலத்தை இளக்கிச் சுருக்கமில்லாமல் படியவைக்கும். இளகி இருக்கும்போது விரல் வைக்கக் கூடாது.

ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனையும் நூறு முறையாவது பிடித்துத் தூக்குவீர்கள், படுக்கவைப்பீர்கள். எனவே முழு உருவத்துக்கும் முதலில் கிளாஸ், அது காய்ந்தபின் மேட். பிக் அன் நால்வருக்கும் அடித்தட்டு விளிம்பில் ஒரே நிறம், பிளிட்ஸர்களுக்கு வேறொன்று. அடித்தட்டில் மணல் ஒட்டும்போது பந்து செருகும் துளையில் பல்குத்தியைச் செருகி வையுங்கள், பசை காய்வதற்குள் உருவிவிடுங்கள்.