ஏஐ கொள்கைக்குக் கருத்துக் கேட்பு: எழுத்து மனுவா, போலிஸ் (Pol.is) மென்பொருளா?

ஏஐ சட்டதிட்டம் பற்றிப் பொதுமக்களிடம் இணையத்தில் கருத்துக் கேட்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அமெரிக்க அரசு அலுவலகங்கள் செய்வதுபோல் கேள்விகளை வெளியிட்டு எழுத்தில் பதில் வாங்குவது. மற்றது, 2015இல் ஊபர் வாடகைக்கார் சேவைக்கு விதி வகுக்கும் தைவான் விவகாரத்தில் பேர்பெற்ற போலிஸ் (Pol.is) என்ற திறமூல மென்பொருள். அதில் நடத்துபவரும் பங்கேற்பவர்களும் எழுதும் சின்னச் சின்னக் கூற்றுகள் வரும். ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம். மறுமொழி எழுத இடமே கிடையாது. என் சாய்வு போலிஸ் பக்கம்.

எழுத்து மனுவின் பலம் தெரிந்ததுதான்: பிரிவு எண், விதிவிலக்கு, மாற்று வாசகம் எல்லாம் அதில்தான் அடங்கும். பாரம் முழுவதும் படிப்பவர் தலையில். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் ஏஐ பற்றிக் கேட்டதற்கு 10,000க்கு மேல் பதில்கள் குவிந்தன; அறிக்கையின் முதல் பகுதி 2024 ஜூலையில்தான் வந்தது. போலிக் கருத்துகள் தனித் தலைவலி. 2017இல் இணையச் சமநிலை (எல்லா இணையதளங்களையும் இணைய நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்ற விதி) பற்றி அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசிக்கு வந்த 2.2 கோடி கருத்துகளில் ஏறக்குறைய 1.8 கோடி போலி என்று நியூயார்க் அரசு வழக்கறிஞர் அலுவலகம் கண்டது.

போலிஸ், வாக்குகள் ஒத்துப்போகிறவர்களைக் குழுக்களாகப் பிரித்து, எல்லாக் குழுவும் ஏற்கும் கூற்றை மேலே கொண்டுவரும். தலைக்கணக்கில் ஜெயித்தால் மட்டும் போதாது. சின்னக் குழு மறுத்தாலும் கூற்று கீழே இறங்கிவிடும்.

ஆனால் போலிஸ் நிற்பதும் விழுவதும் மட்டுறுத்தலில், அதாவது வரும் கூற்றுகளைப் பார்த்து அனுமதிப்பதிலும் நீக்குவதிலும். 2023இல் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் சுமார் 1,000 அமெரிக்கர்களிடம் போலிஸ் வழியாக நடத்திய சோதனையில் 1,127 கூற்றுகள், 38,252 வாக்குகள். ஆளுக்கு 40 வாக்குகூடத் தேறவில்லை. கூற்று பெருகினால் ஒவ்வொன்றுக்கும் விழும் வாக்கு மெலியும். ஒரே கருத்து நாலு வடிவில் நுழைந்தால் வாக்கு சிதறுவதோடு, அந்த ஒரு விஷயமே குழுப் பிரிப்பையும் தன் பக்கம் இழுத்துவிடும். ஆகவே ஒரே கருத்தைத் திரும்பச் சொல்லும் கூற்றுகளை அன்றைக்கே நீக்க வேண்டும்.

நடத்துபவர் முதலில் போடும் தொடக்கக் கூற்றுகள் 10 முதல் 15 வரை போதும். எல்லாத் தரப்பும் அதில் இருக்க வேண்டும். ஒரு கூற்றில் ஒரு கருத்துதான். "காவல்துறை முக அடையாளக் கேமரா வைக்கக் கூடாது, விமான நிலையத்தில் வைக்கலாம்" என்றிருந்தால் பாதியை ஏற்பவர் தாண்டிப் போவார். கணக்கில் அது கருத்தில்லாதவர் போலத் தெரியும். வாக்கு விழுந்தபின் வாசகத்தில் கைவைப்பது முறையல்ல. அதை நீக்கிவிட்டு இரண்டாகப் போட வேண்டும். ஆனால் முன்பு வாக்களித்துப் போனவர்களில் பலர் திரும்பி வரமாட்டார்கள். அதனால்தான் முதல் நாளில் மணிக்கொரு தரம் ஒருவர் பார்க்க வேண்டும். மட்டுறுத்துநர் அனுமதித்த பிறகே கூற்று வெளிவரும் முன் அனுமதி முறையை வைத்துவிட்டு அவர் தூங்கிப்போனால், வருகிறவர் பார்ப்பது தொடக்கக் கூற்றுகளை மட்டுமே. பிடிக்காத கூற்றை நீக்கும் ஆசையும் வரும். விதியை முன்கூட்டியே அறிவித்து, எதிரெதிர்த் தரப்பிலிருந்து இருவரை அமர்த்தி, நீக்கியவற்றைக் காரணத்தோடு வெளியிடுவதே இதற்குக் கடிவாளம்.

தாமாகவே இயங்கும் ஏஐ நிரல்களான ஏஐ முகவர்களே கூட்டமாக வந்து வாக்களித்தால் போலிஸ் எவ்வளவு தாங்கும் என்பதில் அனுபவம் இன்னும் குறைவு. அழைப்பு பெற்றவர்களை மட்டும் அனுமதிப்பது இப்போதைக்குப் பாதுகாப்பு.

பதிப்புரிமை போல வாசக நுணுக்கம் கேட்கும் இடத்தில் எழுத்து மனுவை விட முடியாது. அங்கேயும் முதலில் போலிஸை நடத்தி, குழுக்கள் பிளந்து நின்ற கூற்றுகளுக்கு மட்டும் எழுத்தில் பதில் கேட்கலாம். எல்லாரும் ஒப்புக்கொண்டதற்கு மறுபடி நூறு பக்கம் வாங்கிப் படிக்க வேண்டியதில்லை.